முதல் ஸ்பே ராடுக்கு எந்த லைன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு கையாலும் பிடித்து வீசும் ஸ்பே ராடை ஆசையாக வாங்கிவிட்டு, கடையில் லைன் அலமாரி முன்னால் திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்திலோ கனடாவிலோ இருந்துகொண்டு சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களுக்காக ஆற்றில் இறங்கும் தமிழர்களுக்கும் இது பயன்படும். ராட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பொருந்தாத லைனைக் கட்டினால் வீச்சு வராது. சாதாரண ராட்கூடச் சரியான எடையுள்ள லைன் கிடைத்தால் அழகாக வேலை செய்யும். ஆகவே லைனுக்கு நேரம் ஒதுக்கி யோசிப்பது வீண் இல்லை.

ராடில் 7 என்று போட்டிருக்கிறது. 7-ஆம் எண் லைன் வாங்கினால் போதாதா?

போதாது. அதிகம் பேர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

ஒரு கையால் வீசும் ராடுகளுக்கான எண் முறையில், லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை இருக்கிறது என்பதை வைத்து எண் கொடுக்கிறார்கள். எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிராம் என்பது சுமார் 15.4 கிரெய்ன். அந்தக் கணக்கில் 7-ஆம் எண் என்றால் 185 கிரெய்ன், 8-ஆம் எண் என்றால் 210 கிரெய்ன். ஆனால் 13 அடி நீளமுள்ள 7-ஆம் எண் ஸ்பே ராடு கேட்பதோ ஏறத்தாழ 460-லிருந்து 540 கிரெய்ன் வரை. எண் ஒன்றுதான், எடை ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு.

காரணம் வீச்சு முறையில் இருக்கிறது. ஒரு கை ராடில் தலைக்கு மேலே பின்னோக்கி வீசும்போது லைன் முழுவதும் காற்றில் நீண்டு, அதன் மொத்த எடையும் ராடை வளைக்கிறது. ஸ்பே வீச்சில் லைன் பின்னால் நீளுவதே இல்லை. நுனிப் பகுதி தண்ணீரைத் தொட்டுப் பிடித்துக்கொள்கிறது. அதை நங்கூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பகுதி உங்கள் முதுகுப் பக்கம் வில்லாக வளைந்து தொங்குகிறது. ராடை வளைப்பது அந்தப் பின்வளைவில் இருக்கும் எடையும், நங்கூரத்தைத் தண்ணீர் பிடித்து இழுக்கும் இழுவையும்தான். லைனின் ஒரு பங்கு மட்டுமே வேலை செய்வதால், மொத்த எடை கூடுதலாக இருந்தாக வேண்டும்.

ஸ்பே லைன்களுக்கென்று தனி எண் முறையும் உண்டு. அதில் லைனின் கனமான பகுதி 40, 55, 65, 80 அடி என்று நான்கு வகையாகப் பிரிகிறது. 8-ஆம் எண்ணிலேயே 55 அடி வகை 530 கிரெய்ன், 80 அடி வகை 710 கிரெய்ன். ஒரே எண்ணுக்குள் 180 கிரெய்ன் வித்தியாசம். கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள். எத்தனை கிரெய்ன், எத்தனை அடி என்று கேளுங்கள்.

இப்படி ஒரு வீச்சு முறை எதற்காக வந்தது?

வடகிழக்கு ஸ்காட்லாந்தில் ஓடும் ஸ்பே ஆறுதான் இதற்குப் பெயர் கொடுத்தது. ஆறு அகலம், ஓட்டம் வேகம், கரையில் பல இடங்களில் செங்குத்தான மேடும் மரங்களும். பின்னால் வீசினால் தூண்டில் முள் கிளையில் சிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கிரீன்ஹார்ட் மரத்தால் செய்த, 18 அடியையும் தாண்டிய கனத்த ராடுகளும் பட்டு லைன்களும் கொண்டு, பின்னால் இடமே இல்லாமல் வீசும் முறையை வளர்த்தெடுத்தார்கள். இன்றைய கார்பன் ராடுகள் 12 முதல் 15 அடிக்குள் அடங்கிவிட்டன. லைன்களும் மூன்று பெரிய குடும்பங்களாகப் பிரிந்துவிட்டன.

அந்த மூன்று குடும்பங்கள் எவை?

முதலாவது, நீண்ட வயிற்று லைன். பழைய ஸ்காட்லாந்து முறைக்கு நெருக்கமானது இதுதான். கனமான பகுதி 55 அடியில் தொடங்கி அதற்கு மேலும் நீளும். ஒவ்வொரு வீச்சுக்கும் லைனைக் கையால் இழுத்துச் சேர்க்க வேண்டியதில்லை. தூக்கி, திருப்பி, மறுபடி வீசலாம். அகன்ற ஆற்றில் இதை வீசுபவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. ஆனால் தூக்கும் உயரம், ராட் போகும் பாதை, நிறுத்தும் இடம் எல்லாம் ஒன்றுசேர வேண்டும். ஒன்று தவறினாலும் லைன் காலடியில் குவியும். முதல் லைனாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, ஸ்காண்டி. ஸ்வீடனின் யோரான் ஆண்டர்சன் வளர்த்த முறையிலிருந்து வந்தது: கீழ்க்கை வேலை செய்யும், மேல்கை திசை காட்டும். ஹெட் எனப்படும் கனமான பகுதி பொதுவாக 30 முதல் 40 அடி. எடையின் பெரும்பங்கு பின்பக்கம் இருக்க, முன்பக்கம் நீளமாக மெலிந்துகொண்டே போகும். அதனால் தண்ணீரில் மெதுவாக, சத்தமில்லாமல் விழும். இதில் நங்கூரம் தண்ணீரைத் தொட்ட கணமே முன்வீச்சு தொடங்க வேண்டும். சிங்கிள் ஸ்பே, ஸ்நேக் ரோல் வீச்சுகள் இந்த வகை. சிறிய, லேசான ஃப்ளைகளுக்கும் (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் போலி இரை) மிதக்கும் லைன் மீன்பிடிப்புக்கும் இதற்கு நிகர் இல்லை.

மூன்றாவது, ஸ்காஜிட். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் ஸ்காஜிட் ஆற்றின் பெயர். எட் வார்ட், மைக் மெக்கியூன், ஸ்காட் ஓடானல் போன்றவர்கள் குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்காக 1990-களில் இதைச் செதுக்கினார்கள். அவர்களுடைய பிரச்சினை வேறு. மீன் ஆழத்தில் கிடக்கிறது, தண்ணீர் கடுங்குளிர், ஃப்ளை பெரியது, நனைந்தால் கனம். அதைத் தூக்கி எறியக் கட்டையான, தடித்த, கனமான ஹெட் தேவைப்பட்டது. 13 அடி ராடுக்கு 20 முதல் 25 அடி ஹெட் போதும். அதன் முன்னால் மூழ்கும் டிப், அதாவது தனி நுனித் துண்டு ஒன்றைக் கட்டுவார்கள். டபுள் ஸ்பே, ஸ்னாப்-டி போன்ற வீச்சுகளில் லைன் தண்ணீர்மேல் ஒரு நொடி கிடக்கலாம். அந்த ஒரு நொடி புதியவருக்குப் பெரிய வரம்: அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க இடம் கிடைக்கிறது.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

ஆற்றையும் காலத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ராட் கடைசியில் வரட்டும்.

குளிர்காலத்திலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ, ஆறு நிறைந்து ஓடும்போது, கனமான ஃப்ளையோடுதான் பெரும்பாலும் இறங்குவீர்கள் என்றால் ஸ்காஜிட். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வாஷிங்டனிலும் ஒண்டாரியோவிலும் குளிர்கால ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்கள் பலரும் போகும் வழி இதுதான். கோடையில், இடுப்பளவுக்குக் கீழான தெளிந்த தண்ணீரில், சிறிய ஃப்ளையை மேல்மட்டத்தில் ஓட்டுவதுதான் உங்கள் ஆசை என்றால் ஸ்காண்டி. ஸ்பே ஆற்றில் சால்மன் பருவம் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. மே மாதத்துக்குப் பிறகு அங்கே போகிறவருக்கு மிதக்கும் ஸ்காண்டி ஹெட்டும் நீண்ட லீடரும் (லைனின் நுனியில் ஃப்ளையைக் கட்டும் நரம்பு) பெரும்பாலான நாட்களுக்குப் போதும்.

இரண்டும் கலந்த வாழ்க்கை என்றால், முதலில் ஸ்காஜிட் வாங்குங்கள் என்பேன். சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஸ்காஜிட்டில் பழகினால் கை முரடாகிவிடும், பிறகு நேர்த்தி வராது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மேல்கையால் தள்ளியே ஒப்பேற்றும் பழக்கம் ஸ்காஜிட்காரர்களிடம் அதிகம். ஆனால் முதல் நாளிலேயே ராட் வளைவதைக் கை உணர்வதும், ஃப்ளை மீன் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதும் ஒருவரை ஆற்றிலேயே நிறுத்திவைக்கும். நேர்த்தியைப் பிறகு கற்கலாம். ஆர்வம் போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

என் ராடுக்கு எத்தனை கிரெய்ன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கைப்பிடிக்கு மேலே ராடில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 7130-4 என்று இருந்தால் 7-ஆம் எண், 13 அடி 0 அங்குலம், நான்கு துண்டு. பல ராடுகளில் 450–550 கிரெய்ன் என்று ஒரு வரம்பும் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரம்பின் கீழ்ப்பாதி ஸ்காண்டிக்கு, மேல்பாதி ஸ்காஜிட்டுக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். பொதுவாக ஒரே ராடுக்கு ஸ்காண்டி ஹெட், ஸ்காஜிட்டைவிட 30 முதல் 60 கிரெய்ன் குறைவாக இருக்கும்.

வரம்பு எழுதப்படாத பழைய ராட் கைக்கு வந்திருந்தால், தோராயமாக இப்படித் தொடங்குங்கள்: 6-ஆம் எண்ணுக்கு ஸ்காண்டி 400–420, ஸ்காஜிட் 450 சுற்றுவட்டம், 7-ஆம் எண்ணுக்கு 460–480, 510–540, 8-ஆம் எண்ணுக்கு 520–540, 570–600. இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. ஒரே எண் கொண்ட இரண்டு ராடுகளுக்கு 50 கிரெய்ன்கூட வித்தியாசப்படும். தயாரிப்பாளரின் பரிந்துரைப் பட்டியல் கிடைத்தால் அதுவே முதன்மை.

ஐரோப்பிய லைன்களில் எடை கிராமில் இருக்கும். 30 கிராம் என்றால் சுமார் 463 கிரெய்ன், 34 கிராம் என்றால் சுமார் 525. ஐரோப்பிய ராடுகளில் 8/9 என்று இரட்டை எண் இருந்தாலும் கவலை வேண்டாம், அங்கேயும் எடையைத்தான் பார்க்க வேண்டும்.

பலரைக் குழப்பும் இன்னொன்று: ஸ்காஜிட் ஹெட்டின் பெட்டியில் போட்டிருக்கும் 525 கிரெய்ன் ஹெட்டின் எடை மட்டும். டிப்பின் எடையை அதில் கழிக்கவோ கூட்டவோ வேண்டாம். ராடுக்குப் பரிந்துரைப்பதும் ஹெட்டின் எடையைத்தான்.

இரண்டு எடைகளுக்கு நடுவே தடுமாறினால் எதை எடுப்பது?

புதியவர் என்றால் வரம்புக்குள் சற்றுக் கனமானதை. ராட் வளைவது கைக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தால் அவசரம் குறையும். ஆனால் வரம்பைத் தாண்டிப் போகாதீர்கள்.

எடை சரியில்லை என்பதை வீசும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

லேசாக இருந்தால் ராட் கட்டை மாதிரி விறைத்து நிற்கும். உங்களை அறியாமலே மேல்கையால் வேகமாகத் தள்ளுவீர்கள். நங்கூரம் தண்ணீரை விட்டுப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். சாட்டை சொடுக்குவது போல ஒரு சத்தம் பின்னால் கேட்டால் நங்கூரம் போய்விட்டது என்று அர்த்தம்.

கனம் கூடினால் ராட் கைப்பிடி வரை வளைந்து, நிமிர நேரம் எடுக்கும். பின்வளைவு தொய்ந்து உங்களுக்குப் பின்னால் தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும். முன்னால் லைன் தாழ்வாகப் போய், நீளாமல் சரியும்.

ஆனால் புது லைன் வாங்க ஓடுவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். மேல்கையின் பலத்தைப் பாதியாகக் குறைத்து, கீழ்க்கையை வயிற்றை நோக்கி இழுத்து, ராட் நுனியை உயரத்திலேயே நிறுத்திப் பாருங்கள். லைன் மேல் விழும் பழியில் பெரும்பங்கு வீச்சுக்குச் சேர வேண்டியது. அப்படியும் அதே குறை தொடர்ந்தால் எடையைச் சந்தேகிக்கலாம். ராடின் நுனி வளையத்துக்கும் ஹெட்டின் பின்முனைக்கும் நடுவில் எவ்வளவு ரன்னிங் லைன் (ஹெட்டுக்குப் பின்னால் வரும் மெல்லிய லைன்) தொங்குகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு மூன்று அடி நல்லது. அது ஆறு ஏழு அடியாகிவிட்டால் எந்த எடையும் ஒழுங்காக வேலை செய்யாது.

டிப் என்கிறார்களே, அது கட்டாயமா? எது வாங்குவது?

ஸ்காஜிட்டுக்குக் கட்டாயம். ஹெட்டின் முன்முனை தடிப்பாக வெட்டி நிறுத்தியது போல இருக்கும். நேரடியாக லீடர் கட்டினால் நங்கூரத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. ஃப்ளை மூழ்க வேண்டாம் என்றால் மிதக்கும் டிப் கட்டுங்கள், ஆனால் ஏதோ ஒரு டிப் இருக்க வேண்டும்.

டிப்புகள் டி-8, டி-11, டி-14 என்று விற்கும். அந்த எண் ஓர் அடிக்கு எத்தனை கிரெய்ன் என்பது. 10 அடி டி-11 என்றால் 110 கிரெய்ன், டி-14 என்றால் 140. எண் கூடக் கூட வேகமாக மூழ்கும். 6, 7-ஆம் எண் ராடுக்கு டி-8. 7, 8-க்கு டி-11. 8-க்கு மேல், ஆழமும் வேகமும் உள்ள ஆற்றுக்கு டி-14. முதல் டிப் ஒன்றே ஒன்றுதான் என்றால் 7-ஆம் எண் ராடுக்கு 10 அடி டி-11 எடுப்பேன். முழுவதும் மூழ்காமல் பாதி மிதந்து பாதி மூழ்கும் டிப்புகளும் உண்டு. மௌ டிப் என்ற பெயரில் கிடைப்பவை இந்த வகை. மெக்கியூன், ஓடானல், வார்ட் ஆகிய மூவரின் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. ஆழம் குறைந்த ஓரங்களில் பாறையில் சிக்காமல் ஓட்ட மிகவும் உதவும்.

ஸ்காண்டியில் இந்தக் கனமான டிப்புகளைக் கட்டவே கூடாது. மெலிந்த முன்முனை அவற்றைத் தூக்காது. ஃப்ளை கொஞ்சம் இறங்க வேண்டுமானால் பாலிலீடர் எனப்படும் பூச்சுப் பூசிய மெலிந்த லீடர்கள் இருக்கின்றன. 10 அல்லது 14 அடியில், மூழ்கும் வேகம் பார்த்து வாங்கலாம்.

லீடர் எவ்வளவு நீளம்?

மூழ்கும் டிப்புக்குப் பின் 3 முதல் 5 அடி நைலான் நரம்பு போதும். நீளம் கூடினால் டிப் மூழ்கினாலும் ஃப்ளை மேலேயே மிதந்து வரும். மிதக்கும் ஸ்காண்டிக்கோ 12 முதல் 15 அடி வேண்டும், ராடின் நீளத்தை ஒட்டி. இங்கே லீடர்தான் நங்கூரம். குட்டையாக்கினால் வீச்சு குலைந்துவிடும்.

ரன்னிங் லைன் எது நல்லது?

ஹெட்டுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும் மெல்லிய லைன் இது. இரண்டு வகை. வெறும் நைலான் நரம்பு தூரம் போகும், ஆனால் சுருண்டு கிடக்கும். ஒவ்வொரு காலையும் இழுத்து நிமிர்த்த வேண்டும், குளிரில் விறைத்த விரல்களில் வழுக்கும். பூச்சுப் பூசிய வகை சற்றுத் தடிப்பு, தூரம் கொஞ்சம் குறையும், கையில் நன்றாக நிற்கும். முதல் வருடத்துக்குப் பூச்சு வகையே போதும், 0.032 அங்குலம் முதல் 0.035 அங்குலம் வரை உள்ளதைக் கேளுங்கள்.

ரன்னிங் லைனின் நுனியில், ஹெட்டைக் கோர்க்கும் வளையம் பெரிதாக இருக்க வேண்டும், சுற்றி வைத்த ஹெட் முழுவதும் அதற்குள் நுழைந்து வெளியே வரும் அளவுக்கு. அப்போதுதான் ஆற்றங்கரையிலேயே ஹெட்டை மாற்றலாம். இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று சமமாகக் கவ்வியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒன்று மற்றதன்மேல் மடிந்து இறுகினால் ராட் வளையங்களில் தட்டும், அந்த இடத்திலேயே தேய்ந்து அறும்.

ஹெட்டும் ரன்னிங் லைனும் சேர்ந்தே வரும் லைன் வாங்கலாமா?

வாங்கலாம். இணைப்பு இல்லாததால் ராட் வளையங்களில் தட்டாது, கடுங்குளிரில் இது சுகம். ஆனால் எடை பொருந்தவில்லை என்றால் முழு லைனையும் மாற்ற வேண்டும். முதல் ராடில் எடையைத் தேடிக்கொண்டிருக்கும் கட்டத்தில் தனித்தனியாக வாங்குவதே சிக்கனம்.

என்னிடம் இருக்கும் 8-ஆம் எண் ரீல் போதுமா?

ஒரு கை ராடுக்கான ரீல் என்றால் பெரும்பாலும் இடம் போதாது. தடித்த ஹெட், 100 அடி ரன்னிங் லைன், அதன்கீழ் 150 மீட்டராவது 30 பவுண்ட் பேக்கிங் (ரீலின் அடியில் சுற்றும் மெல்லிய நூல்) எல்லாம் அடங்க வேண்டும். 7-ஆம் எண் ஸ்பே ராடுக்கு 9, 10-ஆம் எண் ரீல் கேட்டு வாங்குவது வழக்கம். கொஞ்சம் கனமாக இருப்பதும் நல்லதே. நீண்ட ராடின் நுனி தாழ்ந்து மேல்கையை அலுப்பூட்டாமல் தாங்கும்.

என்னுடையது 11 அடி ஸ்விட்ச் ராட். இதே கணக்குதானா?

எடையைப் பார்க்கும் முறை இதேதான், ஆனால் அதே எண்ணுக்கு எடை பொதுவாகச் சற்றுக் குறையும், நீளமும் குறையும். 13 அடி ராடுக்கான 24 அடி ஸ்காஜிட் ஹெட்டை 11 அடி ராடில் கட்டினால் தூக்கவே முடியாது. 18 முதல் 20 அடி ஹெட் தேடுங்கள்.

புல்வெளியில் பழகலாமா?

நங்கூரத்தைப் பிடித்துக்கொள்ளத் தண்ணீர் வேண்டும். புல்லில் எடை சரியா என்று கணிக்கவே முடியாது. குளமாக இருந்தாலும் பரவாயில்லை, தண்ணீரில் நின்று பாருங்கள். ஃப்ளைக்குப் பதில் சிறு கம்பளி நூல் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி, தொப்பி இல்லாமல் ஒரு வீச்சுகூட வேண்டாம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ, நங்கூரம் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முள் உங்கள் முகத்தை நோக்கி வரும்.

லைனின் நிறம் முக்கியமா?

மீனுக்கு இல்லை, ஃப்ளை வெகுதூரம் தள்ளி இருக்கிறது. உங்களுக்கு முக்கியம். நங்கூரம் எங்கே விழுந்தது என்று கண்ணில் பட வேண்டும். பளிச்சென்ற நிறமாக எடுங்கள்.

இரண்டாவது ஹெட் எப்போது வாங்குவது?

முதல் ஹெட்டால் செய்ய முடியாத ஒன்றை ஆறு உங்களிடம் கேட்கும்போது. ஸ்காஜிட் வைத்திருப்பவருக்குத் தெளிந்த, ஆழமில்லாத கோடைத் தண்ணீரில் அந்த ஹெட் 'தொப்'பென்று விழுந்து மீனைக் கலைப்பது கண்ணெதிரே தெரியும். ஸ்காண்டிக்கு அதுதான் நேரம். ஸ்காண்டி வைத்திருப்பவருக்கு மார்ச் மாத வெள்ளத்தில் ஃப்ளை இறங்க மறுக்கும்போது தெரியும். ரன்னிங் லைனையும் ரீலையும் மாற்ற வேண்டியதில்லை, ஹெட் மட்டும் போதும். பல ஊர்களில் ஸ்பே கிளேவ் என்ற பெயரில் ஆற்றங்கரைச் சந்திப்புகள் நடக்கின்றன. தயாரிப்பாளர்களும் கடைக்காரர்களும் பல எடைகளில் ஹெட்டுகளைக் கொண்டுவந்து வீசிப் பார்க்கத் தருவார்கள். உங்கள் ராடைக் கையோடு கொண்டு போங்கள். ஒரே ராடில் 480, 510, 540 என்று மாற்றி மாற்றிக் கட்டி வீசினால், எந்த எடையில் கை தளர்ந்து லைன் தானாகப் போகிறது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணை ராட் உறையில் எழுதி வையுங்கள்.